நல்ல பிள்ளைக்கு எழுதிய பாடநூல்

2022 மார்ச் 12இல் நடந்த ஜொகூர் சட்டமன்றத் தேர்தல்தான் மலேசியாவில் 18 வயதினர் வாக்களித்த முதல் தேர்தல். 2019 ஜூலையில் மக்களவையில் 211 வாக்குகளோடு, எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தம் அது. இழுபறிக்கும் வழக்குக்கும் பிறகு 2021 டிசம்பர் 15இல்தான் நடப்புக்கு வந்தது. கூடவே தானியங்கி வாக்காளர் பதிவும் வந்ததால், 18 வயது நிறைந்த யாரும் ஒரு பாரம்கூட நிரப்பாமல் வாக்காளர் ஆனார்கள். ஆனால் அந்தத் தேர்தலில் வாக்களிப்பு சுமார் 55 விழுக்காட்டில் நின்றுபோனது.

கோவிட் பயம், சிங்கப்பூரிலிருந்து நினைத்தபோது திரும்ப முடியாத நிலை என்று அதற்குக் காரணங்கள் இருந்தன. ஆனால் மறுநாள் வாட்சாப் குழுக்களிலும் கோப்பிக் கடையிலும் எனக்குக் கேட்ட தீர்ப்பு ஒன்றே ஒன்றுதான்: "இந்தக் காலத்துப் பசங்களுக்கு நாட்டைப் பத்தி அக்கறையே இல்லப்பா."

இந்தத் தீர்ப்பின் மொழியைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு பொது நிகழ்வு நடக்கிறது. அதற்கு ஒரு குணக்குறையைக் காரணமாகச் சொல்கிறோம். அக்கறை இல்லை, பொறுப்பு இல்லை, நாட்டுப்பற்று இல்லை. அதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. இது எஸ்.பி.எம். நன்னெறிக் கல்வித் தாளில் என் தலைமுறை எழுதிக் குவித்த விடையின் அதே வடிவம். எனவே அந்தப் பசங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன், அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட பாடத்தை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. நாவலையும் கவிதையையும் வரி வரியாகப் பிரித்துப் பேசுகிற நாம், லட்சக்கணக்கான பிள்ளைகள் கட்டாயமாகப் படிக்கிற உரைநடையை ஏன் விட்டுவைக்க வேண்டும்?

நான் இடைநிலைப்பள்ளியில் படித்த காலத்தில் நன்னெறிக் கல்வி என்றால் 36 நெறிகள். அவற்றை ஏழு துறைகளாகப் பிரித்திருந்தார்கள். சுயமேம்பாட்டுக்கு 12, குடும்பத்துக்கு 4, சுற்றுச்சூழலுக்கு 4, நாட்டுப்பற்றுக்கு 3, மனித உரிமைக்கு 5, ஜனநாயகத்துக்கு 5, அமைதிக்கும் நல்லிணக்கத்துக்கும் 3. ஒவ்வொன்றுக்கும் மலாயில் ஒரு விளக்கம் உண்டு. அதைச் சொல் பிசகாமல் மனப்பாடம் பண்ணினோம். முதலெழுத்துகளைக் கோத்துக் குறுக்குவழி வாய்ப்பாடுகூட வைத்திருந்தோம். இது எங்கள் தலைமுறையில் எல்லாருக்கும் தெரிந்த நகைச்சுவை என்பதால் அதை நீட்டவில்லை.

என் கண் நிற்கிற இடம் ஜனநாயகம் என்ற துறை. அதற்குள் இருக்கும் ஐந்தில் முதலாவது, விதிகளுக்கும் சட்டத்துக்கும் கட்டுப்படுதல். பேச்சுரிமை அதற்குப் பிறகுதான். அந்தப் பேச்சுரிமையின் விளக்கமும் தனியாக வருவதில்லை, நாட்டின் பாதுகாப்பையும் அமைதியையும் காக்கும் வரம்பைத் தோளில் தூக்கிக்கொண்டே வருகிறது. வரம்பே கூடாது என்று நான் வாதாடவில்லை, எல்லா நாட்டுச் சட்டத்திலும் வரம்பு உண்டு. ஆனால் உரிமையைச் சொல்லும் வாக்கியமும் அதைக் கட்டும் வாக்கியமும் ஒன்றாகவே இருந்தால், 16 வயதுப் பிள்ளையின் மனதில் எது தங்கும்? வாக்கியத்தின் கடைசியில் வருவதுதானே. தேர்தல் எப்படி நடக்கிறது, சட்டம் எப்படி இயற்றப்படுகிறது, ஒரு சட்டம் தவறானால் எங்கே போய் எதிர்ப்பது என்ற கேள்விகளுக்கு அந்தப் பட்டியலில் தனி இடமில்லை. ஜனநாயகம் அங்கே ஒரு நடத்தை முறை.

தாளில் வரும் 'சூழல்'களை எடுத்துக்கொள்வோம். நாலைந்து வரியில் ஒரு குட்டிச் சம்பவத்தைச் சொல்லி, அதில் தெரியும் நெறி எது என்று கேட்பார்கள். மாதிரிக்கு நானே ஒன்று எழுதுகிறேன். ஒரு தாமானில் கால்வாய் அடைத்துக் கொசு பெருகுகிறது. சிலர் டிங்கியில் படுக்கிறார்கள். குமாரும் நண்பர்களும் அண்டை வீட்டாரைத் திரட்டி கோத்தோங் ரோயோங் செய்கிறார்கள். எல்லாரும் மகிழ்ச்சி அடைகிறார்கள். விடை: ஒத்துழைப்பு, சுற்றுச்சூழல் மீதான அன்பு, பொறுப்புணர்ச்சி. முழு மதிப்பெண்.

இதைச் சிறுகதையாக வாசித்தால் உடனே தட்டுப்படும் குறை என்ன? எதிர்ப்பாத்திரம் இல்லை. வில்லன் வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தக் கால்வாயைத் துப்புரவு செய்யக் கடமைப்பட்ட ஓர் அமைப்பு இருக்கிறதே, அது எங்கே? குமாரின் அப்பா ஆண்டுதோறும் மதிப்பீட்டு வரி கட்டுகிறார். குப்பைக்கும் கால்வாய்க்கும் குத்தகை எடுத்த நிறுவனம் ஒன்று இருக்கும். அந்தத் தொகுதிக்குச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் இருப்பார். கதையில் இவர்கள் யாரும் இல்லை. நெறிக்கல்வியின் உலகில் மனிதர்களும் மனச்சாட்சியும் மட்டும்தான், அலுவலகம் கிடையாது. கோத்தோங் ரோயோங் நல்ல பழக்கம், நானும் போயிருக்கிறேன். ஆனால் அது மட்டுமே ஒரு சமூகத்துக்குத் தெரிந்த ஒரே வினைச்சொல் ஆகிவிட்டால், வரி வாங்கிய பக்கம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஜொகூர் பாரு, இஸ்கண்டார் புத்ரி, பாசிர் கூடாங் மாநகர் மன்றங்களின் உறுப்பினர்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று இங்குள்ள ஐந்தாம் படிவ மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். "நாமதான், ஓட்டுப் போட்டு" என்பார்கள். இல்லை. மாநில அரசு நியமிக்கிறது. இந்த நாட்டில் ஊராட்சித் தேர்தல் இருந்தது. 1965இல் இந்தோனேசியாவுடனான கொன்ஃப்ரொந்தாசி நெருக்கடியைச் சொல்லி அதை நிறுத்தினார்கள். அதே ஆண்டு ஊராட்சி மன்றங்களை ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைந்தது. அதன் தலைவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சியே வேண்டும் என்று அந்த ஆணையம் 1968இல் அறிக்கை கொடுத்தது. அரசு அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தோடு நியமன முறை நிலைத்துவிட்டது.

ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி ஆதி நாகப்பனை நம் பிள்ளைகள் மேடைப் பேச்சுப் போட்டிகளில் பேசுகிறார்கள். பேச வேண்டியவர்தான். அவருடைய கணவர் எழுதிய அறிக்கைக்கும் தங்கள் வீட்டு முன்னால் நாறும் கால்வாய்க்கும் தொடர்பு இருக்கிறது என்பதை மட்டும் அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. வீரத்தைக் கொண்டாடத் தெரிந்த அளவுக்கு நமக்கு நிர்வாகத்தை வாசிக்கத் தெரியவில்லை.

நான் பாசிர் கூடாங் தொழிற்பேட்டைப் பக்கம் வேலை செய்கிற பொறியாளன். 2019 மார்ச்சில் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். முதலில் மயங்கி விழுந்தவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள். வட்டாரத்தின் 111 பள்ளிகளை மூடும்படி கல்வி அமைச்சு உத்தரவிட்டது.

இதையே ஒரு நன்னெறிச் 'சூழல்' ஆக்கினால் விடை தயாராக இருக்கிறது. கொட்டியவருக்குச் சுற்றுச்சூழல் மீது அன்பில்லை. சரிதான், யார் மறுப்பார்கள்? ஆனால் ஆலையில் விபத்து அறிக்கை எழுதும்போது "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று ஒரு வரி எழுதி மூடினால் என் மேலாளர் அதைத் திருப்பி அனுப்பிவிடுவார். எந்த வால்வு, யார் அனுமதிக் கையெழுத்து, ஏன் எச்சரிக்கை மணி அடிக்கவில்லை என்று ஐந்து முறையாவது 'ஏன்' கேட்க வேண்டும். கவனக்குறைவு என்பது விசாரணையின் முடிவாகாது, விசாரணை தொடங்குமிடம்.

கிம் கிம்முக்கும் அப்படிக் கேட்கலாம். 2005ஆம் ஆண்டின் பட்டியலிட்ட கழிவு விதிமுறைப்படி ஒவ்வொரு பீப்பாய்க்கும் குறியீட்டு எண், லேபிள், இருப்புக் கணக்கு வேண்டும். 180 நாளைத் தாண்டியோ 20 டன்னைத் தாண்டியோ வைத்திருக்கக் கூடாது. உரிமம் பெற்ற இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும், அனுப்பியதற்குத் தாள் வேண்டும். இவ்வளவு கண்ணிகளில் எது அறுந்தது? அறுந்ததைக் கவனிக்க வேண்டிய அதிகாரிகள் எத்தனை பேர்? தொழிற்பேட்டைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது யார்? இந்தக் கேள்விகளுக்கு வேதியியல் பட்டம் தேவையில்லை. பள்ளி மூடியதால் வீட்டில் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளைகளே கேட்டிருக்கலாம், கேட்கப் பழக்கியிருந்தால்.

பாடத்திட்டம் மாறிவிட்டதே என்பீர்கள். மாறியது உண்மை. 2005இல் குடிமையியலும் குடியுரிமைக் கல்வியும் தனிப் பாடமாக வந்தது. 2017இல் தொடங்கிய புதிய இடைநிலைப்பள்ளிப் பாடத்திட்டத்தில் நன்னெறியின் 36 நெறிகள் 18 ஆகின. 2019 ஜூனில் சிவிக் கல்வி மறுபடி அறிமுகமானது. இந்த முறை அது தனிப் பாடமில்லை. மலாய், ஆங்கிலம், வரலாறு, நன்னெறி, இஸ்லாமியக் கல்விப் பாடங்களுக்குள், மாதத்தின் நான்காவது வாரத்தில் ஒரு மணி நேரம். அதன் மையக் கூறுகள் நான்கு: அன்பு, மதிப்பு, பொறுப்பு, மகிழ்ச்சி.

36, 18, 4. மனப்பாடச் சுமை குறைந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் எது கழிந்தது என்று பாருங்கள். பழைய 36இல் தொழிலாளர் உரிமை, பயனீட்டாளர் உரிமை, பேச்சுரிமை என்று பெயர் சொல்லி அழைக்கத்தக்க சில சொற்களாவது இருந்தன. விளக்கம் எப்படி இருந்தாலும் அந்தச் சொல் ஒரு பிள்ளையின் வாயில் புழங்கியது. அடுத்து வந்த பட்டியல்களில் பெரும்பாலும் நன்றி, நேர்மை, துணிவு, அன்பு போன்ற குணங்களின் பெயர்கள். பாடத்துக்குள் உரிமை பற்றிய பேச்சு வரலாம், வருகிறது. ஆனால் தலைப்பில் நிற்பது குணம். மகிழ்ச்சி நல்லதுதான். அதை எப்படி சிவிக் என்று சொல்வது எனத்தான் எனக்குப் புரியவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஐந்தாம் படிவ வரலாற்று நூலில் இறையாண்மை, கூட்டரசு அரசியலமைப்பு, அரசியலமைப்புக்கு உட்பட்ட மன்னராட்சி, நாடாளுமன்ற ஜனநாயகம், கூட்டரசு முறை எல்லாமே அத்தியாயத் தலைப்புகளிலேயே இருக்கின்றன. எஸ்.பி.எம். சான்றிதழ் பெற 2013 முதல் வரலாற்றில் தேர்ச்சி கட்டாயம். ஜொகூர்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிப் பெருமையும் உண்டு. 1895இலேயே சுல்தான் அபு பக்கார் காலத்தில் எழுதப்பட்ட அரசியலமைப்பு கிடைத்த மாநிலம் இது. ஆக, தகவல் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வரலாற்று நூலின் காலம் இறந்தகாலம். முன்னோர் பேசினார்கள், உடன்பட்டார்கள், கையெழுத்திட்டார்கள். அரசியலமைப்பு ஒரு சாதனையாக வந்து நிற்கிறது, நாளைக்கு நான் கையில் எடுக்கக்கூடிய கருவியாக வருவதில்லை. ஒரு நூலில் அமைப்பு இருக்கிறது, பிள்ளை இல்லை. இன்னொரு நூலில் பிள்ளை இருக்கிறது, அமைப்பு இல்லை. இரண்டையும் சந்திக்கவைக்கும் வகுப்பைத்தான் காணோம்.

போதாததற்கு நன்னெறி மணி அடித்ததும் வகுப்பே இரண்டாகிறது. முஸ்லிம் மாணவர்கள் இஸ்லாமியக் கல்விக்கு, மற்றவர்கள் நன்னெறிக்கு. சகிப்புத்தன்மை பற்றிய பாடத்தை, யாரைச் சகித்துக்கொள்ளச் சொல்கிறார்களோ அவர்கள் இல்லாத அறையில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள்.

"பள்ளிக்கூடத்துக்குள்ள அரசியலைக் கொண்டு வராதீங்க" என்பது வழக்கமாக வரும் பதில். ஆசிரியர்களின் பயத்தை நான் கிண்டல் செய்ய மாட்டேன். ஒரு பெற்றோர் புகார் கொடுத்தால் அலையப்போவது அவர்தான். ஆனால் இதற்கு வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். நாஜி ஆட்சிக்குப் பிறகு பள்ளியில் அரசியலை எப்படித்தான் பேசுவது என்று திணறிய ஜெர்மானியர்கள் 1976இல் பாய்டல்ஸ்பாக் என்ற ஊரில் கூடிப் பேசினார்கள். அதிலிருந்து மூன்று விதிகள் பிறந்தன. ஆசிரியர் தன் கருத்தை மாணவர் மேல் திணிக்கக் கூடாது. சமூகத்தில் சர்ச்சையாக இருப்பதை வகுப்பிலும் சர்ச்சையாகவே முன்வைக்க வேண்டும். ஓர் அரசியல் நிலைமையில் தன் நலன் எங்கே இருக்கிறது என்று மாணவர் தானே ஆராயக் கற்க வேண்டும். கட்சி அரசியலை வெளியே நிறுத்திவிட்டு அரசியலை உள்ளே அழைக்கும் வழி இது.

இந்தியாவிலும் ஒரு நல்ல முயற்சி நடந்தது. 2005ஆம் ஆண்டின் கலைத்திட்டத்தைத் தொடர்ந்து வந்த என்.சி.இ.ஆர்.டி.யின் ஜனநாயக அரசியல் நூல்களில் உன்னி, முன்னி என்று இரண்டு கேலிச்சித்திரப் பிள்ளைகள் பக்க ஓரங்களில் நின்று துடுக்காகக் கேள்வி கேட்பார்கள். பாடநூலே தன்னைக் கேள்வி கேட்க இடம் வைத்திருந்தது. 2012இல் அந்த வரிசையில் அம்பேத்கர் பற்றிய பழைய கேலிச்சித்திரத்தாலும், இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய இன்னொன்றால் தமிழ்நாட்டிலும் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷீகரும் தலைமை ஆலோசகர் பொறுப்பிலிருந்து விலகினார்கள். அந்தச் சித்திரங்கள் சரியா தவறா என்பது தனி விவாதம். பிள்ளைகளின் கையில் கொடுத்த ஒரு பாடநூலைப் பெரியவர்கள் உட்கார்ந்து வரி வரியாக, கோடு கோடாக வாசித்துச் சண்டை போட்டார்களே, அது எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நம்மூரில் பாடநூல் பற்றிய பேச்சு எத்தனை 'ஏ' என்பதோடு நின்றுவிடுகிறது.

இதெல்லாம் கல்வித்துறைக் கவலைதானே, இலக்கியத் தளத்தில் எதற்கு என்று தோன்றலாம். ஒரு மாணவனைச் சொல்கிறேன். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபம் ஒன்றில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே வரும் ஐந்தாம் படிவ மாணவன் ஒருவன், மேற்படிப்புப் பாரங்களைப் பற்றி மற்றவர்கள் பேச ஆரம்பித்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். ஒருநாள் அவன் அப்பா வந்து பிறப்புப் பத்திரத்தை நீட்டினார். அதில் 'குடிமகன் அல்லர்' என்று இருந்தது. அப்பா இங்கே பிறந்த மலேசியர். அம்மா இந்தோனேசியர். "கோயில்ல முறையா தாலி கட்டித்தான் தம்பி குடும்பம் நடத்துனேன். பதிவு பண்ணணும்னு யாரும் சொல்லல. இவன் பொறந்த பெறகுதான் பண்ணோம்."

முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. சட்டப்படியான திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு அரசியலமைப்பு தாயின் நிலையையே பார்க்கிறது, அதன் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது அந்த வரி. 15ஏ சட்டக்கூற்றின்கீழ் அரசு சிறப்புச் சூழலில் குடியுரிமை வழங்கலாம். விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இந்த அப்பாவும் நன்னெறிக் கல்வி படித்தவர்தான். அந்தத் துறையில் குடும்பத்துக்கென்றே நான்கு நெறிகள் உண்டு. குடும்பத்தின் மீது அன்பு, மரியாதை, பாரம்பரியம் காத்தல், பொறுப்பு. அந்த நான்கும் அவரிடம் இருக்கின்றன, என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பள்ளியில் அவருக்குக் கிடைக்காமல் போனது, திருமணத்தைப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்கிற ஒரு வாக்கியம்தான். அந்த ஒரு வாக்கியம் இல்லாததற்கு விலை கொடுப்பவன் அவர் மகன். அவனும் வாரந்தோறும் சபை கூடலில் நின்று ருக்குன் நெகாராவைச் சொல்கிறான். அதன் மூன்றாவது கோட்பாடு அரசியலமைப்பின் மேன்மை.

நம் இலக்கியத்துக்கு இந்த விஷயம் புதிதல்ல. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்ய முடியாமல் போனது. சிவப்பு அடையாள அட்டை என்ற சொல் தோட்டங்களில் ஒரு நோயின் பெயரைப்போலப் புழங்கியது. கோ. புண்ணியவானின் 'செலாஞ்சார் அம்பாட்' நாவல் அப்படிப்பட்டவர்கள் பகாங் காட்டுக்குள் கொத்தடிமையாக அடைபட்ட கதை. அதை நாம் பெரும்பாலும் துயரக் கதையாக வாசித்து, கண் கலங்கி, மூடி வைத்தோம். குடிமையியல் பாடமாகவும் அதை வாசிக்க முடியும். எந்தக் காகிதம் இல்லாததால் அந்த மனிதர்கள் அங்கே போனார்கள், அந்தக் காகிதத்தை யார் கொடுத்திருக்க வேண்டும், ஏன் கொடுக்கவில்லை என்று.

இன்னும் பின்னால் போனாலும் சரக்கு இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் சொல்லிக்கொடுக்கிறோம். நல்ல பிள்ளைக்கான நூல்கள், வேண்டியவைதான். ஆனால் புறநானூற்றின் 35ஆம் பாடலில் வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனிடம் நிலவரியைத் தள்ளுபடி செய்யக் கேட்டுப் போகிறார். குடையும் வெற்றியும் உழுகிறவனின் உழைப்பால் நிற்பவை என்று மன்னன் முகத்துக்கு நேரே சொல்கிறார். வரி தள்ளுபடி ஆகிறது. யாரிடம் அதிகாரம் இருக்கிறது என்று அறிந்து, அவரிடமே போய், காரணத்தோடு, தெளிவான கோரிக்கை வைத்த பாடல் அது. மரியாதை குறையவில்லை, குரலும் குறையவில்லை. நம் மரபில் அடக்கம் மட்டுமே இருக்கிறது என்று யாராவது சொன்னால் இதைக் காட்டலாம்.

இந்தத் தளத்தை வாசிக்கும் இளம் ஆசிரியர்கள் சிலரை எனக்குத் தெரியும். பாடத்திட்டம் உங்கள் கையில் இல்லை, அந்த நான்காவது வாரத்து ஒரு மணி நேரம் இருக்கிறது. மகிழ்ச்சி என்ற தலைப்பு வந்தால், தாமானில் எது உங்கள் மகிழ்ச்சியைக் கெடுக்கிறது என்று கேளுங்கள். தெருவிளக்கு என்பார்கள், நாய்த்தொல்லை என்பார்கள், ஆலைப் புகை என்பார்கள். அது எந்த அலுவலகத்தின் வேலை, அங்கே யாருக்கு எழுதுவது, பதில் வராவிட்டால் அடுத்து யார் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மாநகர் மன்றத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதட்டும். கட்டுரை வகுப்பில் நாம் காலங்காலமாகச் சொல்லிக்கொடுக்கும் அதிகாரப்பூர்வக் கடிதம்தானே அது. இதுவரை இல்லாத முகவரிக்கு எழுதிப் பழகினோம், இனி இருக்கிற முகவரிக்கு எழுதட்டும். அஞ்சல் தலை ஒட்டி அனுப்பியும் விடட்டும்.